நாங்கள் சொன்ன ஆமென்

எங்கள் சபைக்குள் ஆமென் என்ற வார்த்தை தூக்கத்தை விரட்டுவதற்காக வந்தது. இப்படிச் சொன்னால் இன்றைக்குச் சபைக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஆறு நாளும் குமுளிப் பக்கத்துச் சக்குபள்ளத்து ஏலக்காட்டில் குனிந்து காய் எடுத்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை தகரக் கூரைக்குக் கீழே பாயில் உட்கார்ந்ததும் கண் சொக்கிப்போவார்கள். வேதம் வாசிக்கிற சத்தத்தோடு குறட்டைச் சத்தமும் சேர்ந்து வரும்.

அந்தச் சபைக்கு உபதேசியார் என் அப்பா. சம்பளத்துக்கு அல்ல, அவரும் எங்களோடு காட்டில் வேலை செய்தவர்தான். எங்கள் குருவானவரை, நாங்கள் ஐயர் என்று கூப்பிடுகிறவரை, மாதத்துக்கு ஒருமுறைதான் பார்ப்போம். மற்ற ஞாயிறுகளில் வாசிப்பு, ஜெபம், பாட்டு எல்லாம் அப்பா பொறுப்பு. குறட்டைக்கு அவர் ஒரு மருந்து கண்டுபிடித்தார். ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் குரலை இறக்கி, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிச் சபையைப் பார்ப்பார். உடனே எல்லோரும் உரக்க ஆமென் சொல்ல வேண்டும். சொல்லாதவர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம்; அவர் எழுந்து, வாசிப்பு முடியும்வரை நிற்க வேண்டும். பெரியவர், சின்னவர், கங்காணி என்று யாருக்கும் சலுகை கிடையாது.

ஒரு தடவை நின்று அவமானப்பட்டவர் மறுதடவை தூங்கவில்லை. கொஞ்ச வருஷத்தில் அது எங்கள் ரத்தத்தில் கலந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் லயத்தில், அதுதான் தோட்டம் எங்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீட்டில், அப்பா மறுநாள் பாடத்தை வாசித்துப் பார்ப்பார். அடுப்பு ஊதிக்கொண்டிருக்கும் அம்மா, கண்ணில் நீர் வழிய, இடையில் ஆமென் சொல்லிவிட்டு மறுபடியும் ஊதுவாள். அப்பாவுக்கு நல்ல குரல். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. எனக்குப் பதினேழு வயது இருக்கும். காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை பார்த்தேன். எனக்கு மூத்தவள் ஒரே அக்கா. அவளுக்கும் அத்தானுக்கும் எங்கள் லயத்திலேயே கடைசி அறை கிடைத்திருந்தது. கைக்குழந்தை ஒன்று. அத்தான் நல்ல வேலைக்காரர், ஆனால் வாயை அடக்கத் தெரியாதவர். மனதில் பட்டதைக் கேட்டுவிடுவார்.

தோட்டத்து முதலாளி மலையாளத்துக் கிறிஸ்தவர், கீழ்நாட்டுக்காரர். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஆளுக்கொரு கம்பளி கொடுக்க வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். அந்த வருஷம் மழைக்கு முன்னாலும் வரவில்லை, மழைக்குப் பின்னாலும் வரவில்லை. சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டே பெண்கள் அந்த மழை முழுக்கக் காய் எடுத்தார்கள். கிறிஸ்துமஸ் வந்தது. முதலாளி வீட்டிலிருந்து சபைக்கு ஒரு பெரிய கேக் வந்தது. தோட்டத்து மானேஜர் அதைத் தன் கையாலேயே வெட்டி, ஆளுக்கொரு துண்டு நீட்டினார். அத்தான் துண்டை வாங்கிக்கொண்டு, "கேக்கு நல்லாத்தான் இருக்கு சார். கம்பளி எப்ப வரும்? இதப் போத்திக்கிட முடியாதுல்லா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

புதுவருஷம் பிறந்ததும் மூன்று பேருக்கும் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கேட்டவருக்கும் இல்லை, சிரித்தவர்களுக்கும் இல்லை. சிரித்தவர்கள் கட்டைப் பிரம்மச்சாரிகள். அத்தானுக்கு அப்படியா? வேலை போனால் லயத்து அறையும் போகும். கைக்குழந்தையோடு அக்கா எங்கே போவாள்? சொந்த ஊரான திருநெல்வேலிப் பக்கம் எங்களுக்கு ஒரு பிடி மண் கிடையாது.

அன்றைக்கு எங்கள் சனங்களுக்கு எங்கிருந்து ரோஷம் வந்ததோ தெரியாது. மூன்று பேரையும் திரும்ப எடுக்கும்வரை காட்டுக்குள் இறங்குவதில்லை என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசி எடுப்பு நேரம். காய் பழுத்து வெடித்து மண்ணில் கொட்டியது. மானேஜர் வந்தார், மிரட்டினார். கங்காணி வந்தார், கெஞ்சினார். யாரும் அசையவில்லை. அக்கா தன் அறை வாசலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போகிற வருகிறவர்களெல்லாம் ஒரு வார்த்தை தைரியம் சொல்லிவிட்டுப் போவார்கள். நாங்கள் ஜெயித்துவிடுவோம் என்றே எனக்குத் தோன்றியது.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஜீப்பில் மானேஜரோடு ஒரு வேட்பாளர் சபைக்கே வந்து இறங்கினார். முதலாளிக்கு வேண்டியவர். வெள்ளை ஜிப்பா, கழுத்தில் தங்கச் சிலுவை. அவர் எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. அடுத்து வரப்போகிறவர் எந்தக் கட்சி என்றும் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஒரு கட்சிக்காரன் சந்தோஷப்படுவான். எவனும் சந்தோஷப்பட வேண்டாம்.

"நம்மள் எல்லாவரும் ஒரே கர்த்தாவின்றெ மக்களாணு" என்று அவர் ஆரம்பித்தார். கேட்கச் சுகமாக இருந்தது. அதுவரை அந்தச் சிலுவையைப் போட்ட யாரும் எங்களோடு பாயில் உட்கார்ந்தது கிடையாது. அவர் உட்கார்ந்தார். பிறகு அப்பாவின் குரலைப் பற்றி மானேஜர் நிறையச் சொல்லியிருக்கிறார் என்றார். அப்பாவுக்கு முகம் மலர்ந்துபோனது. திராட்சைத் தோட்டத்து வேலைக்காரர் உவமையை எடுக்கச் சொன்னார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனால் வசன எண் தெரியும். புத்தகத்தில் விரலை வைத்து, "உபதேசி, இவிடெ முதல் இவிடெ வரெ மதி" என்றார், இதிலிருந்து இதுவரை போதும் என்று.

அந்த உவமை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு தோட்டக்காரர் விடியற்காலையில் சிலரை வேலைக்கு எடுக்கிறார். பிறகும் சந்தைக்குப் போய்ப்போய், சும்மா நிற்கிறவர்களையெல்லாம் கூட்டிவந்து வேலை கொடுக்கிறார். சாயங்காலம் கடைசியாக வந்தவனுக்கும் முழுக் கூலி. காலையிலேயே வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். அந்த முறுமுறுப்பிலிருந்துதான் வேட்பாளர் வாசிக்கச் சொன்னார். உனக்கு நான் அநியாயம் செய்யவில்லை, பேசிய கூலி அதுதானே, உன்னுடையதை வாங்கிக்கொண்டு போ, என்னுடையதை என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரம் இல்லையா என்று தோட்டக்காரர் கேட்கிற இடம்வரை. அதற்கு முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம்.

அப்பா வாசித்தார். ஜிப்பாக்காரர் பக்கத்தில் நின்றதாலோ என்னவோ, அன்றைக்குக் குரல் கணீரென்று இருந்தது. ஒரு வசனம் முடிந்து தலையைத் தூக்கினார். நாங்கள் ஆமென் என்றோம். அடுத்தது முடிந்தது, ஆமென். அதிகாரம் இல்லையா என்ற இடத்தில் குரலை ஏற்றி, பிறகு இறக்கி நிறுத்தினார். தகரக் கூரை அதிர்கிற மாதிரி ஆமென் சொன்னோம். கதவோரம் குழந்தையை வைத்துக்கொண்டு நின்ற அத்தானும் சொன்னார். அந்தக் குழந்தையைத் தவிர அங்கே சொல்லாதவர் யாருமில்லை.

வேட்பாளர் இரண்டு கையையும் உயர்த்தினார். "கேட்டோ! எல்லாவரும் ஆமென் பறஞ்ஞு. தெய்வத்தின்றெ முன்பில் பறஞ்ஞதாணு. இனி சமரம் இல்லா!" என்றார். சமரம் என்றால் வேலைநிறுத்தம். மானேஜர் கை தட்டினார். இரண்டு பேரும் ஜீப்பில் ஏறிப் போனார்கள்.

சாயங்காலம் லயத்து முற்றத்தில் கூடிப் பேசினோம். அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். "பழக்கத்துல வந்த வார்த்தைய்யா அது. தும்மல் மாதிரி. அதுக்காக நாளைக்கு கூடை கட்டிட்டு இறங்குவீயளா?" என்றார்.

ஒரு கிழவி எழுந்தாள். "தும்மலும் ஆமெனும் ஒண்ணா? வேதத்துலயே, கர்த்தருக்கு முன்னால சொல்லிட்டு மாத்திப் பேசின புருசனும் பொண்டாட்டியும் நின்ன இடத்துலயே விழுந்து செத்தாகளே, மறந்து போச்சா? எனக்குப் பேரப்பிள்ளைய இருக்கு. நான் இறங்கத்தான் செய்வேன்" என்றாள்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது தூக்கத்தை விரட்ட நான் வைத்த ஏற்பாடு, அதில் சத்தியமும் இல்லை, சாபமும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேதத்துக்குச் சொன்ன ஆமெனைச் சும்மா என்று உபதேசியார் எப்படிச் சொல்வார்? அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் சங்கு ஊதியதும் எல்லோரும் காட்டுக்குள் இறங்கினார்கள். முதலாளிக்கு அதற்கு மேல் ஒரு காயும் மண்ணில் கொட்டவில்லை.

"சாத்தான் வேதம் ஓதுறதுன்னு சொல்லுவாங்க. இப்பத்தான் பாத்தேன்" என்றாள் அம்மா. எனக்கென்னவோ, சாத்தானாவது முழுப் பாடத்தையும் ஓதியிருப்பான் என்று தோன்றியது.

அந்த வாரமே அக்காவின் அறைக்குப் பூட்டு விழுந்தது. சட்டி பானையோடு எங்கள் அறைக்கு வந்தார்கள். வேலையில் இல்லாதவர்கள் லயத்தில் தங்கக்கூடாது என்பது சட்டம். உபதேசியார் குடும்பம் என்பதால் மழை தொடங்கும்வரை பொறுத்துக்கொள்வதாக மானேஜர் சொன்னார். அப்பா வாசித்ததற்குக் கிடைத்த தட்சணை அது. அத்தான் குமுளிச் சந்தையில் மூட்டை தூக்கப் போனார். பாதி நாள் இராத்திரியும் அங்கேயே படுத்துக்கொண்டார். மாமனாரோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. அக்கா அப்பாவுக்குச் சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள்.

தேர்தலுக்கு முன்னால் இரண்டாமவர் வந்தார். எதிர்க்கட்சிக்காரர். ஜீப் இல்லை, மேட்டில் நடந்தே வந்தார். மூக்குக் கண்ணாடி, கசங்கிய சட்டை, நல்ல தமிழ். சபைப் பக்கம் போகவில்லை. லயத்து முற்றத்தில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுக் கட்டன் காப்பியை வாங்கிக் குடித்தார். முதல் ஆள் வந்து போன கதை அவருக்குத் தெரிந்திருந்தது. "உபதேசியாரே, அந்த உவமைய இப்ப எனக்காக வாசிங்க. நடுவுல இருந்து இல்ல, தொடக்கத்துல இருந்து" என்றார்.

அப்பா தயங்கினார். பிறகு புத்தகத்தை எடுத்து வந்து, வழக்கம்போல வசனத்துக்கு வசனம் குரலை இறக்கித் தலையைத் தூக்கி வாசித்தார், நாங்களும் ஆமென் சொன்னோம். தோட்டக்காரர் விடியற்காலையில் புறப்படுவது, மறுபடியும் மறுபடியும் சந்தைக்குப் போவது, ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்பது, எங்களை ஒருவரும் வேலைக்கு எடுக்கவில்லை என்று அவர்கள் சொல்வது. அந்த இடத்தில் வந்தவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கேட்டீங்களா? அந்தத் தோட்டக்காரர் வேலையில்லாதவனத் தேடித் தேடிப் போறாரு. உங்க முதலாளி வேலை செஞ்சவனப் புடிச்சு வெளிய தள்ளுறாரு. இதுல யாரு கிறிஸ்தவன்? நான் ஜெயிச்சா முதல் வேலையா அந்த மூணு பேரையும் உள்ள ஏத்துவேன்" என்றார். அக்காவிடமிருந்து குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "இந்தப் பிள்ளைக்கு நான் வாக்குத் தாறேன்."

யாரும் தலையைத் தூக்கிப் பார்க்காமலே எல்லோரும் ஆமென் என்றார்கள். அந்த ஆமெனில் உயிர் இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அக்கா சிரித்தாள். அப்பாவுக்கும் தன் புத்தகம் தன்னிடம் திரும்பி வந்துவிட்டது போல ஒரு நிம்மதி. வந்தவர் போகும்போது அப்பா நாலு வளைவு தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

கண்ணாடிக்காரர் ஜெயித்தார். ஜிப்பாக்காரர் தோற்றதற்கு லயத்தில் வெடி போட்டோம். பிறகு காத்திருந்தோம். அவர் திருவனந்தபுரம் போயிருக்கிறார் என்றார்கள். வந்துவிட்டார், ஆனால் கூட்டம் என்றார்கள். வானம் கறுக்க ஆரம்பித்தது. மானேஜர் ஒருநாள் எங்கள் அறைக்கு முன்னால் நின்று, வானத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவைப் பார்த்துவிட்டுப் போனார். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி என்று அத்தான் சொல்லிக்கொண்டே இருந்தார். "கெஞ்சுறதுக்கு நான் வர மாட்டேன். வேணும்னா நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

முதல் மழை விழுந்த அன்றைக்கு, குமுளியில் சர்க்கார் ஆட்கள் தங்குகிற முசாவரி பங்களாவில் அவர் இருப்பதாகத் தெரிந்து, அப்பாவும் குழந்தையோடு அக்காவும் நானும் போனோம். குழந்தையின் துணிகளை ஒரு பையில் போட்டு அப்பா வைத்திருந்தார். பங்களா வாசலில் எங்கள் தோட்டத்து ஜீப் நின்றது. "ஞாயம் பேசத்தான் கூப்பிட்டிருப்பாரு" என்றார் அப்பா. அவர் அதை உண்மையாகவே நம்பினார்.

உள்ளே மானேஜர் சாய்வு நாற்காலியில் இருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் டீ ஆறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்தார். வாங்க உபதேசியாரே என்றார், குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். எல்லாம் ஞாபகம் இருக்கிறதாம். சட்டம் வரப்போகிறதாம். இப்போது ஒரு தோட்டத்தில் கை வைத்தால் எல்லாத் தோட்டத்துக்காரர்களும் சேர்ந்துகொள்வார்களாம். மானேஜர் டீயைக் குடித்தார்.

அக்கா முன்னால் போனாள். "ஐயா, மழை வந்தாச்சு. இன்னைக்குப் போனா நாங்க வெளியதான் நிக்கணும். சட்டம் வாரதுக்குள்ள பிள்ளைய நான் எங்கன வச்சுக்கிடுவேன்?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "உபதேசியாருக்குத் தெரியாததா? நாம அன்னைக்கு அந்த உவமைய முடிக்கலையே. முடிவு என்ன?" என்றார். பிந்தினவர் முந்தினவராவார், முந்தினவர் பிந்தினவராவார் என்று அந்த முடிவை அவரே சொன்னார். "உங்க மருமகன் முறையும் வரும்" என்று சேர்த்துக்கொண்டார். சொல்லிவிட்டுக் குரலை இறக்கினார். தலையைத் தூக்கினார்.

அது அப்பாவின் தலைத்தூக்கல். அன்றைக்கு முற்றத்தில் இவர் பார்த்துவிட்டுப் போனது. தெரிந்து செய்தாரா, பேச்சாளனின் பழக்கத்தில் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துதான் செய்தார் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்தால் வெறுக்கச் சுலபமாக இருக்கிறது.

"ஆமென்" என்றார் அப்பா.

தெளிவாக, நல்ல குரலில் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. கண்ணாடிக்காரர் கும்பிட்டார். "அதான். பெரியவங்க புரிஞ்சுக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற அடுத்தவர்களைப் பார்த்துக் கையசைத்தார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூரை ஓரத்தில் நின்றோம். அப்பா அக்காவின் பக்கம் திரும்பினார். "பழக்கம் தாயி. வாய்தான் சொல்லிச்சு, நான் சொல்லல" என்றார்.

"மொத வாட்டியும் வாய்தான்ப்பா சொல்லிச்சு" என்றாள் அக்கா. கோபமே இல்லாமல் சொன்னாள். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. அப்பாவின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு சந்தைக்கு நடந்தாள். அத்தான் மூட்டையை இறக்கிவிட்டு வந்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கம்பம் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. அவர்கள் ஏறும்வரை அப்பா யாரிடமோ வாங்கிய சாக்கை விரித்துக் குழந்தையின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் போன பிறகும் பிடித்துக்கொண்டே நின்றார். நான்தான் வாங்கிக் கீழே போட்டேன்.

நாங்கள் லயத்துக்குத் திரும்பியபோது முற்றத்தில் கூட்டமும் சிரிப்புமாக இருந்தது. ஜீப் எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. புதுக் கம்பளி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் மழையன்றைக்கே கம்பளி வாங்கிக்கொடுத்தது ஜெயித்தவர்தான் என்று கங்காணி எல்லோருக்கும் சொன்னார். முதல் கம்பளியை உபதேசியாருக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள். அப்பா அதைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். அக்கா எங்கே என்று அம்மா கேட்டாள். நான் சொன்னேன், எல்லாவற்றையும், அந்த ஒரு வார்த்தை உட்பட. அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கம்பத்தில் அந்தப் பிள்ளை அடுத்த மழையைப் பார்க்கவில்லை என்ற செய்தி பின்னால் வந்தது, காய்ச்சல் என்றார்கள். கம்பளி கேட்டவரின் பிள்ளை.

அதற்கெல்லாம் முன்னால், அந்த ஞாயிறு வந்தது. சபையில் எல்லோரும் புதுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேறு என்ன செய்வது என்று தெரியாமல்தான் அப்பா வாசிக்க வந்தார் என்று நினைக்கிறேன். ஒரு வசனம் வாசித்தார். குரல் இறங்கியது, தலை தூக்கியது. எல்லோரும் ஆமென் என்றார்கள். அம்மா மட்டும் சொல்லவில்லை. அவள் கம்பளியும் போர்த்தவில்லை.

அப்பா அடுத்த வசனத்துக்குப் போகாமல் அவளையே பார்த்தார். சொல்லாதவர் எழுந்து நிற்க வேண்டும், யாருக்கும் சலுகை கிடையாது. அவர் வாய் திறப்பதற்கு முன்னால் அம்மா தானாக எழுந்து நின்றாள். வாசிப்பு முடியும்வரை நின்றாள். அடுத்த ஞாயிறும் நின்றாள். அப்பா கண்ணை மூடிய பிறகும், வேறு உபதேசியார் வந்து அந்த வழக்கம் நின்றுபோன பிறகும், சாகும்வரை எங்கள் சபையில் வேதம் வாசிக்கையில் அவள் எழுந்து நின்றுகொண்டுதான் இருந்தாள். புதிதாக வருகிற ஐயர்மார் அவளைச் சபைக்குக் காட்டி, பக்தி என்றால் இந்த அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பார்கள்.